பிரித்துக் கொடுப்பதாக இல்லை

பரமக்குடியில் ஒரு வளைகாப்பில் என் கேமரா நின்றுபோனது. பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். பட்டனை அழுத்தினேன். தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் வந்ததே தவிர படம் விழவில்லை. மீதியைச் செல்போனில் எடுத்துக் கொடுத்தேன். அந்த வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் கூச்சமாக இருந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் ராமநாதபுரத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். கல்யாணங்களில் ஆண்கள் பக்கம் அவர் எடுப்பார், பெண்கள் பக்கம் நான். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பெண்கள் கூடியிருக்கும் இடத்துக்குள் வேற்று ஆண்கள் போக முடியாது. அங்கே படம் எடுக்கப் பெண்தான் வேண்டும். அந்த வேலைதான் எங்கள் வீட்டுக்குப் பாதிச் சோறு போட்டது. அப்படியிருக்கும்போது கேமரா இல்லாமல் நான் என்ன செய்வேன்? மதுரையில் பழுது பார்க்கிறவர், அதற்குச் செலவு பண்ணுவது வீண் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். புதிதாக வாங்க முடியாது. பழையது ஏதாவது வருகிறதா என்று இந்தப் பக்கத்துப் போட்டோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதக் கடைசியில் ஒரு படம் வந்தது. கோரைப் பாயின் மேல் ஒரு கேமரா, மூன்று லென்ஸ், இரண்டு ஃபிளாஷ், ஒரு எல்.இ.டி. லைட், சார்ஜர்கள், ஒரு கறுப்புப் பை. கீழே, 'மொத்தமாகத்தான். பிரித்துக் கொடுப்பதாக இல்லை' என்று எழுதியிருந்தது. பையின் வாரில் சுற்றியிருந்த பச்சை ரிப்பனைப் பார்த்ததும் அது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கீழக்கரையில் என்னைப் போலவே பெண்கள் பக்கம் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் பை அது. என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். அவள் தொழிலுக்கு வந்த பிறகு அந்த ஊரில் எனக்கு வர வேண்டிய கல்யாணங்கள் அவளுக்குப் போயின. 'எங்க ஊருப் புள்ளையே எடுக்குதே அக்கா' என்று தன்மையாகத்தான் சொல்வார்கள். நான் அவளை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. ராமநாதபுரத்தில் ஒரு மண்டபத்தில் பெண் வீட்டார் அவளையும் மாப்பிள்ளை வீட்டார் என்னையும் அழைத்திருந்தார்கள். ஒரே மணப்பெண்ணை இரண்டு பேர் எடுக்க வேண்டும். சண்டை வரும் என்று நான் விறைத்துக்கொண்டு நின்றேன். அவள் வந்து, "அக்கா, நீங்க அந்தப் பக்கம் எடுங்க, நான் இங்கன நின்னுக்கிறேன். முட்டிக்காம எடுப்போம்," என்று சிரித்தாள். குள்ளமான உருவம், தோளில் அந்தப் பச்சை ரிப்பன் பை. அவளுக்குப் பின்னால் நெட்டையான ஒரு பெண் லைட்டைப் பிடித்தபடி அவள் போகும் இடமெல்லாம் போய்க்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்தில் அவள் டெங்கு காய்ச்சலில் இறந்துபோனாள். செய்தி அதே வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

"இங்கேரு, செத்தவங்க சாமானு. அங்க போயி நின்னா பேரம் பேச வாய் வராது," என்றார் என் வீட்டுக்காரர். "அதுனால நல்லாப் பாத்துப்புட்டுத்தேன் சரின்னு சொல்லணும். கண்ணக் கசக்கிக்கிட்டு நிக்கக் கூடாது."

சரி என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆ தொழுகைக்குக் கூட்டம் சேருவதற்கு முன்பே போய்விடலாம் என்று ஸ்கூட்டியில் கிளம்பினோம்.

அந்த ஊரில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தன் உம்மாவோடு அதே வீட்டில் இருப்பாள். இறந்தவளும் அப்படித்தான் இருந்திருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. கதவைத் திறந்தது அந்த நெட்டைப் பெண். பாயில் சாமான்களைப் பரப்பிப் படம் எடுத்துப் போட்டதும் அவள்தான். பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு பேரும் சேர்ந்து சீட்டுக் கட்டி வாங்கிய கேமரா அது. இறந்தவள் அவளுக்கு மூத்தவள் என்பதால் லாத்தா என்றே சொன்னாள்.

"வாங்கக்கா, ஒக்காருங்க. எனக்கு லைட்டு மட்டுந்தான் தெரியும். கேமராவப் பத்திக் கேட்டீங்கன்னா முழிப்பேன்," என்று பையைக் கொண்டுவந்து முன்கட்டில் வைத்தாள்.

என் வீட்டுக்காரர் கேமராவின் பாடியைக் கையில் எடுத்தார். லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தார். வெள்ளைச் சுவரைப் பல தடவை எடுத்து, திரையில் பெரிதாக்கித் தூசிப் புள்ளி தெரிகிறதா என்று தேடினார். ஜன்னல் கம்பியை எடுத்தார், பிறகு என் முகத்தை எடுத்தார். பாடியில் குறை ஒன்றும் இல்லை. பிறகு ஒவ்வொரு லென்ஸையும் தூக்கிப் பிடித்துச் செல்போன் டார்ச்சை அதற்குள் அடித்தார். அகல லென்ஸ் சுத்தமாக இருந்தது. முகங்களை எடுக்கும் எண்பத்தைந்து எம்.எம். லென்ஸில் டார்ச்சை அடித்ததும் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கண்ணாடிக்குள்ளே ஓர் ஓரத்தில் வெள்ளை நூல்கள் கிளை விட்டிருந்தன. பூஞ்சை. கடற்கரை ஊர்களில் மூன்று மாதம் எடுக்காமல் பைக்குள் கிடந்தால் இப்படித்தான் ஆகும்.

"இது வேற லென்சுக்கும் பரவும்," என்றார் அவர் மெதுவாக.

அந்தப் பெண்ணுக்குக் காதில் விழுந்துவிட்டது. "லாத்தா வாராவாரம் எடுத்துத் தொடச்சு வெயில்ல வைப்பா. எனக்குத் தெரியாமப் போச்சு," என்றாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் குறை கேட்ட முகமாக அவள் முகம் ஆகிவிட்டது.

ஜூம் லென்ஸ் நீட்டினால் ஆடியது. ஃபிளாஷ் ஒன்றில் பேட்டரி போடும் இடத்தில் உப்புப் பூத்திருந்தது. இன்னொன்று நன்றாக வேலை செய்தது. அவர் எல்லாவற்றையும் பாயில் இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தார். பாடி, அகல லென்ஸ், நல்ல ஃபிளாஷ் ஒரு பக்கம். மற்றதெல்லாம் இன்னொரு பக்கம்.

"இத மட்டும் எடுத்துக்கிறோம்மா. மத்தது எங்களுக்கு ஒதவாது. நல்ல வெலையாவே குடுத்துருறோம்," என்றார்.

"இல்லண்ணே. பிரிச்சுக் குடுக்கிறதா இல்ல."

"ஒதவாததுக்கும் எப்படிம்மா காசு குடுக்கிறது?"

"அதுக்குக் கொறச்சுக்குங்க. ஆனா எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போகணும். பையோட."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கிளம்பிவிடலாம் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அதற்குள் இறந்தவளின் உம்மா உள்கதவுக்குப் பின்னால் இருந்து, "தேத்தண்ணி ஆறுது, அந்தப் புள்ளைய உள்ள வரச் சொல்லு," என்று குரல் கொடுத்தார். நான் எழுந்து போனேன்.

அடுப்படியில் எனக்கு ஒரு முக்காலியைப் போட்டுக் கொடுத்தார். தேநீரோடு ஒரு துண்டு தொதல் இனிப்பும் தட்டில் வைத்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அழுது ஓய்ந்த முகம் இல்லை அது. உறக்கம் இல்லாத முகம்.

"எங்க பேத்திக்கு நாலு வயசு," என்று அவர் தொடங்கினார். "மையத்த அடக்கம் பண்ண எடுக்கும்போது அதப் பக்கத்துத் தெருவுல கொண்டுபோயி வச்சிருந்தோம். உம்மா கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருக்கான்னு சொன்னேன். என் வாய்க்கு அதுதான் வந்துச்சும்மா. அது நேரா உள்ள போயி அலமாரியத் தொறந்து பாத்துச்சு. பை இங்கன இருக்கே, பையி இல்லாம உம்மா எப்படிப் போகும்னு கேக்குது."

நான் தேநீரைக் குடிக்காமல் வைத்திருந்தேன்.

"தெனமும் பள்ளிக்கூடத்துலருந்து வந்ததும் அலமாரியத்தான் பாக்குது. பை இருக்கா, அப்ப உம்மா வீட்டுலதான் இருக்கும்னு ஒவ்வொரு ரூமாத் தேடுது. கட்டிலுக்கு அடியிலகூடக் குனிஞ்சு பாக்குதும்மா. இந்தப் பை கண்ணுல படாமப் போயிட்டா புள்ள நம்பிரும். உம்மா கல்யாணத்துக்குப் போயிருக்கான்னு நம்பிரும்."

"எத்தன நாளைக்கும்மா நம்பும்?" என்று கேட்டுவிட்டேன்.

"நம்புற வரைக்கும் நம்பட்டுமே," என்றார்.

நான் முன்கட்டுக்குத் திரும்பி வந்து, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாயில் பிரித்து வைத்ததை ஒன்றாகச் சேர்த்தார். இரக்கத்தால் வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அடுத்த வாரம் எனக்குத் தேவிபட்டினத்தில் ஒரு கல்யாணம் இருந்தது, கையில் கேமரா இல்லை. நாங்கள் எடுக்காவிட்டால் வேறு யாரோ வெளியூரிலிருந்து வந்து, அந்த வீட்டிலேயே உட்கார்ந்து அடித்துப் பேசி எடுத்துப்போவார்கள் என்ற நினைப்பும் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்ட தொகையிலிருந்து கொஞ்சம் குறைத்து இவர் கொடுத்தார். அந்தப் பெண் அதை எண்ணாமலே வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் அடுக்கத் தொடங்கினாள். பையின் எந்த அறையில் எது என்று அவளுக்குப் பார்க்காமலே கை போனது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் வாசலுக்கு வரவும் பள்ளிக்கூட வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் அரைநாளில் விட்டுவிட்டார்கள். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. சின்ன உருவம், தலையில் வெள்ளைத் துணி, கழுத்தில் தண்ணீர் பாட்டில். படியேறி வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் இருந்த பையைத்தான் பார்த்தாள்.

"கல்யாணமா?" என்று கேட்டாள்.

என்னிடம்தான் கேட்டாள். உள்ளேயிருந்து அவள் உம்மம்மா அவசரமாக ஓடி வந்து, "ஆமாத்தா, கல்யாணம். உம்மாக்குப் பை வேணுமாம். இந்த அக்கா கொண்டுபோயிக் குடுக்கப் போறாங்க," என்றார்.

பிள்ளையின் முகம் விரிந்ததை நான் பார்த்தேன். இவ்வளவு நாளாக அவள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. "நானும் வாரேன்," என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் உம்மாட்ட வாரேன். சாயங்காலம் உம்மாவோட வந்துருவேன்."

"நீ வரக் கூடாது, தூரம்," என்றார் உம்மம்மா. அவள் விடவில்லை. சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இவர் ஸ்கூட்டியின் பக்கத்தில் தலை குனிந்து நின்றார்.

அப்போதுதான் அந்த நெட்டைப் பெண் வெளியே வந்து, வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"உம்மா கல்யாணத்துல இல்லடா. உம்மா மவுத்தாயிட்டா. காய்ச்ச வந்துச்சுல்ல, அதுல மவுத்தாயிட்டா. பள்ளிவாசலுக்குப் பின்னால அடக்கியிருக்கு. இனிமே வர மாட்டா. இந்தப் பை இந்த அக்காவுக்கு. உம்மாவுக்கு இல்ல."

"ஏ, வாய மூடுடி!" என்று உம்மம்மா கத்தினார். அந்தத் தெருவில் அவ்வளவு சத்தமாக அவர் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

பிள்ளை அழவில்லை. என் சேலையை விட்டாள். "அப்ப பை திரும்பி வராதா?" என்று கேட்டாள்.

"வராது."

கழுத்திலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கழற்றினாள். பிறகு, "பசிக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதது உம்மம்மாதான். அந்தப் பெண் அவர் தோளைத் தொடப் போனாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"கௌம்புங்கக்கா," என்றாள் அவள் என்னிடம். "இனி நீங்க நிக்க வேணாம்."

வழியெல்லாம் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் இவர் பூஞ்சை பிடித்த லென்ஸை மட்டும் எடுத்துத் தனியாக ஒரு பாலிதீன் பைக்குள் போட்டுக் கட்டினார். மதுரைக்கு அனுப்பிச் சுத்தம் செய்ததில் நூல்கள் போய்விட்டன. ஆனால் கண்ணாடியின் மேற்பூச்சைப் பூஞ்சை ஏற்கெனவே தின்றிருந்தது. ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் படம் முழுக்க வெளுத்துவிடும். ஜூம் லென்ஸ் அந்த வருடமே கழன்றுவிட்டது. இவர் பாயில் பிரித்து வைத்த கணக்குத்தான் கடைசியில் சரியாக இருந்தது. அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

பாடி இன்றுவரை உழைக்கிறது. கீழக்கரைக் கல்யாணங்கள் மறுபடி எனக்கு வரத் தொடங்கின. அவளிடம் போயிருக்க வேண்டிய கல்யாணங்களுக்கு அவள் கேமராவோடு நான் போனேன். அந்த வீடுகளில் யாராவது ஒரு பெண், "முன்னாடி எங்க புள்ள ஒண்ணு எடுக்கும்," என்று தொடங்குவாள். நான் தெரியும் என்பேன்.

ரமலான் முடிந்து கல்யாணங்கள் தொடங்கியபோது அந்த நெட்டைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். லைட் பிடிக்க வருகிறாயா, பழைய சம்பளத்தையே தருகிறேன் என்றேன். ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்றாள்.

வந்தாள். லைட்டைத் தூக்கிப் பிடிப்பதில் அவளுக்குக் கை நடுங்காது, பிள்ளைகள் ஓடிவந்து மோதினாலும் அசையாது. மணப்பெண்ணிடம் மெல்லப் பேசிச் சிரிக்கவும் வைத்தாள். ஆனால் நான் இந்தப் பக்கம் திரும்பினால் வெளிச்சம் அந்தப் பக்கம் போய் நின்றது. மணப்பெண்ணின் முகத்தை எடுத்து முடித்ததும் நான் கழுத்து நகைக்குப் போவேன். லைட் அதற்குள் கீழே இறங்கிக் காலடியில் காத்திருக்கும். இறந்தவள் அடுத்துக் கால் மருதாணியைத்தான் எடுப்பாளாம். அடுத்தடுத்து இப்படியே ஆனது. ஒவ்வொரு தடவையும், "மன்னிச்சுக்கங்கக்கா," என்று சொல்லி லைட்டை மேலே தூக்கினாள். ஒரு தடவை, யாரும் இல்லாத மூலையில் வெளிச்சம் விழுந்து நின்றது. அங்கே யார் போய் நின்றிருப்பாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் என்னிடம் வந்தாள். "என்னால ஏலலக்கா. நான் யோசிக்கிறதுக்கு முன்னாடி கை அங்கன போயிருது. பழகிரும்னு சொல்லாதீங்க. பழகிரக் கூடாதுன்னு இருக்கு," என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை. அன்றைக்குத்தான் இன்னொன்றும் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு உம்மம்மா அவளோடு பேசுவதில்லை. சிறு வயதிலிருந்து சொந்த வீடு போல ஏறி இறங்கிய வீடு. "நான் சொன்னது தப்பாக்கா?" என்று கேட்டாள். "தெரியலம்மா," என்றேன். அதுதான் உண்மை. நான் அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் நின்றவள்.

அதற்குப் பிறகு அவளை நெடுநாள் பார்க்கவில்லை. போன வருடம் அதே ஊரில் ஒரு கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாலை, பெண்ணுக்கு மருதாணி போடும் இடத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். பெண்ணின் கையைத் தன் மடியில் வைத்து, தலை குனிந்து மருதாணிக் கூம்பைப் பிழிந்துகொண்டிருந்தது அவள்தான். அதைக் கற்றுக்கொண்டு இப்போது அதையே தொழிலாக்கியிருக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். உடம்பு கொஞ்சம் இளைத்திருந்தது.

வேலைக்கு நடுவே கேட்டேன். "அந்தப் புள்ள எப்படி இருக்கு?"

"ஒண்ணாப்பு போகுதுக்கா. நல்லாப் படிக்குது. யாராவது கேட்டா அதுவே சொல்லிருது, எங்க உம்மா மவுத்தாயிட்டாங்கன்னு. அழுகாமச் சொல்லுது. கேக்குறவங்கதான் அழுகுறாங்க."

"ஒங்கிட்டப் பேசுறாங்களா அந்த வீட்டுல?"

"இந்த நோன்புக்குக் கஞ்சி குடுத்து விட்டாங்க. புள்ளதான் தூக்குச் சட்டியக் கொண்டுவந்துச்சு." கூம்பின் நுனியைத் துடைத்தாள். "கஞ்சிய வாங்கி வச்சேன். போகாம நின்னுச்சு. எங்க உம்மா ஒங்கள எப்படிக் கூப்பிடும், அதே மாதிரி கூப்பிட்டுக் காட்டுங்கன்னு கேட்டுச்சுக்கா."

நான் கேமராவை இறக்கினேன்.

"வாயத் தொறந்தேன். வரல. லாத்தா சொல்ற வார்த்த எல்லாம் தெரியுது. குரல் வரமாட்டேங்குது. மொகம் அப்படியே இருக்கு, குரல் மட்டும் எப்பப் போச்சுன்னே தெரியல. இந்தத் தெருவுல எத்தன வருசம் எங்கூடக் கத்திக்கிட்டுத் திரிஞ்சவ."

அவள் கண்ணிலிருந்து வழிந்தது. இரண்டு கைவிரல்களிலும் மருதாணி. துடைக்க முடியாமல் முகத்தைத் தோளில் இடித்துக்கொண்டாள். நான் குனிந்து என் முந்தானையால் துடைத்துவிட்டேன். மணப்பெண் கையை அசைக்கவும் முடியாமல் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டோக்கார அக்கா எங்க? மாப்பிள்ள வீட்டுலருந்து வந்துட்டாங்க," என்று யாரோ வாசலில் கூப்பிட்டார்கள்.

"போங்கக்கா," என்றாள். நான் போனேன்.